கயிறு கட்டினால் மட்டும் போதுமா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நலவாழ்வு உபகுழு உறுப்பினர்கள் ஐந்து பேர் சேர்ந்து பேசிய பேச்சு. அன்று வர முடியாத சகோதரிகளுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



பொதுக்குழு என்றால் சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வங்கிக் கடன் எத்தனை குழுவுக்குக் கிடைத்தது என்று கணக்கு வாசிப்பது வழக்கம். இன்றைக்கு நாங்கள் வேறு ஒரு கணக்கைப் பேச வந்திருக்கிறோம். எந்தப் பேரேட்டிலும் எழுதாத கணக்கு அது. உதாரணத்துக்கு ஒரு குவார்ட்டர் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒன்று என்றால் மாசத்துக்கு 4,500 ரூபாய். வருஷத்துக்கு 54,750 ரூபாய். நம்மில் பல பேர் வீட்டில் ஒரு கறவை மாடு வாங்கும் காசு வருஷா வருஷம் இப்படித்தான் போகிறது. இது காசுக் கணக்கு மட்டும்தான். அடி, அவமானம், பிள்ளைகளின் பயம் எல்லாம் தனிக் கணக்கு.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துவிட்டுப் பேச வரவில்லை. எங்கள் குழுவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறோம். அதில் எங்கள் தவறும் இருக்கிறது. அந்தச் சகோதரியிடமும் அவர் வீட்டுக்காரரிடமும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் பேசுகிறோம். "பேரு மட்டும் வேணாம்க்கா, மத்ததை எல்லாம் சொல்லுங்க. நாலு வீட்டுக்கு உதவட்டும்"னு அவங்களே சொன்னாங்க.

அந்தச் சகோதரி மாடு வாங்க உள்கடன் வாங்கினார். மூன்று தவணை ஒழுங்காகக் கட்டினார். நான்காவது தவணை வரவில்லை. ஐந்தாவதும் வரவில்லை. கூட்டத்துக்கும் வருவது நின்றுபோனது. நாங்கள் என்ன செய்தோம்? தீர்மானப் புத்தகத்தில் எழுதி அபராதம் போட்டோம். அப்புறம் நாலு பேராகப் போய் அவங்க வீட்டு வாசலில் நின்றோம். தெருவே வேடிக்கை பார்த்தது. எங்களில் ஒருத்தி, "புருஷனை அடக்கத் தெரியாதவளுக்கு எதுக்குக் கடன்?"னு கேட்டுட்டோம். அவங்க பதில் பேசவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாட்டை அவர் வீட்டுக்காரர் விற்றுக் குடித்துவிட்டார் என்பதும், அதைத் தடுக்கப் போய் அவங்க கை முறிந்தது என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் நாங்களே ஒரு வழி சொன்னோம். ஆடி மாசம், வெள்ளிக்கிழமை, கோயிலுக்குக் கூட்டிப் போய்ச் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுங்க என்றோம். அவரும் வந்தார். அழுதுகொண்டே கட்டிக்கொண்டார். முதல் நாள் ராத்திரி குடித்ததுதான் கடைசி. எங்களுக்கு ஒரே சந்தோஷம், ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று.

அன்று சாயங்காலமே அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. தண்ணி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. உடம்பெல்லாம் வேர்வை. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாள் சனிக்கிழமை ராத்திரி வலிப்பு வந்தது. வலிப்பு நின்றதும் சுவரைக் காட்டி, "பாம்பு வருது, பாம்பு வருது"ன்னு கத்தினார். பெண்டாட்டியையே யாருன்னு தெரியவில்லை. "சாமி குத்தம்", "காத்து கருப்பு"ன்னு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நாங்களும் திருநீறு பூசிக்கொண்டு இரண்டு மணி நேரத்தை வீணாக்கினோம். பக்கத்து ஊருக்கு வந்திருந்த கிராம சுகாதார செவிலியர் கேள்விப்பட்டு ஓடி வந்து, "முதல்ல 108-க்குப் போன் போடுங்க"ன்னு அதட்டினார். அவர் மட்டும் வராவிட்டால் இன்று நாங்கள் இங்கே நின்று பேசியிருக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பத்து வருஷமா தினமும் குடிக்கிறவரை ஒரே நாள்ல நிறுத்தச் சொன்னது யாரு?" நாங்கள் ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

டாக்டர் சொன்னது என்ன?

தினமும் அதிகமாகக் குடிக்கிறவருடைய மூளை அந்தப் போதைக்குப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் மூளை தறிகெட்டு ஓடுகிறது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வேர்வை, குமட்டல், படபடப்பு வரலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சில பேருக்குப் புத்தி தடுமாறும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதில் கேட்கும். காய்ச்சல் அடிக்கும். இது பேயும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. உடனே வைத்தியம் பார்க்காவிட்டால் உயிரே போகலாம்.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்கிற நிலையில் இருப்பவர், முன்பே ஒரு தடவை வலிப்பு வந்தவர், வேறு நோயும் உள்ளவர் ஆகியோர் வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் மருந்து கொடுத்து, அந்த மருந்தையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். சத்துக் குறைவுக்கு பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். இது ரொம்ப முக்கியம். குடிக்கிற விஷயத்தை மறைத்து, "சோர்வா இருக்காரு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு கேட்டு ஏற்றிக்கொண்டு வராதீர்கள். பி1 சத்து இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளைக்குக் கெடுதல் வரலாம். டாக்டரிடம் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

மாலை போடுவது, கயிறு கட்டுவது, ஜெபத்துக்குப் போவது எதையும் நாங்கள் குறை சொல்லவில்லை. அது மனசுக்குத் தெம்பு. ஆனால் கயிறு கட்டும் முன்னே டாக்டரைப் பாருங்கள். சாமியும் வேண்டும், வைத்தியமும் வேண்டும்.

தெரியாமல் பொடி கலக்காதீர்கள்

"குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்"னு சுவரில் நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். எங்களில் இரண்டு பேர் அதை வாங்கப் பணம் கூட எடுத்து வைத்திருந்தோம். சில பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கிப் போகும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த வேகம் உடம்பில் இருக்கலாம். அதனால்தான் டாக்டர்கள் நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் அதைக் கொடுக்கிறார்கள். சாம்பாரில் கலந்து கொடுத்துவிட்டு, அவர் கடையில் போய்க் குடித்து நடுரோட்டில் விழுந்தால் யார் பொறுப்பு? புருஷனைத் திருத்த நினைத்த பெண்ணே கொலைப் பழி சுமக்க வேண்டியதாகிவிடும்.

அடித்துத் திருத்தும் இடம் வேண்டாம்

மறுவாழ்வு இல்லம் என்று போர்டு மாட்டிக்கொண்டு, அறையில் பூட்டி, அடித்து, பட்டினி போடும் இடங்களும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்ததை மூத்த சகோதரிகள் மறந்திருக்க மாட்டீர்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சொல்கிறது. குடி, போதையால் வரும் மனநலக் கோளாறும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. எனவே ஒரு இல்லத்தில் சேர்க்கும் முன் கேளுங்கள்: பதிவுச் சான்று இருக்கிறதா? டாக்டர் தினம் வருகிறாரா? நாங்கள் வந்து பார்க்கலாமா, போனில் பேசலாமா? "மூணு மாசத்துக்கு வரவே கூடாது"ன்னு சொன்னால் அந்த இடம் வேண்டாம்.

இது நோய், இதற்கு வைத்தியம் உண்டு

குடிக்கிற எல்லோரும் நோயாளி இல்லை. ஆனால் நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாதவர், முன்பு குடித்த அளவு போதாமல் கூட்டிக்கொண்டே போகிறவர், வேலை, குடும்பம், உடம்பு எல்லாம் போகிறது என்று தெரிந்தும் குடிப்பவர் குடிநோயாளி. சர்க்கரை நோய்க்காரரைத் திட்டினால் சர்க்கரை குறையுமா? அது போலத்தான் இதுவும். அதற்காக அவர் செய்த தப்பு எல்லாம் தப்பில்லை என்று ஆகாது. மாட்டை விற்றதற்கு அவர்தான் பொறுப்பு. பெண்டாட்டியை அடித்ததற்கும் அவர்தான் பொறுப்பு. நோய்க்கு வைத்தியம், தப்புக்குப் பொறுப்பு. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

இந்த எண்ணத்தை நம் ஊரில் பரப்பியவர்களில் ஒருவர் சாந்தி ரங்கநாதன் அம்மா. அவருடைய கணவர் குடிநோயால் சின்ன வயசிலேயே இறந்துபோனார். வசதியான குடும்பம்தான். காசு இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தோடு மூலையில் உட்காராமல், 1980-இல் சென்னையில் குடிநோயாளிகளுக்காக டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டு, ஊர்க்காரர்கள் துணையோடு வைத்தியம் செய்யும் முறையையும் அவர்கள் கொண்டு வந்தார்கள். 1992-இல் அந்த அம்மாவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கிராமத்திலும் இந்த வைத்தியம் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

வைத்தியத்தில் மூன்று படி இருக்கிறது. முதல் படி, உடம்பில் உள்ள போதையை இறக்குவது. இதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். நிறைய பேர் இதோடு வைத்தியம் முடிந்தது என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறார்கள். உண்மையில் இது ஆரம்பம்தான். இரண்டாம் படி, ஆலோசனை. எந்த நேரத்தில், யாரோடு இருந்தால், எந்தக் கோபத்தில் கை பாட்டிலுக்குப் போகிறது என்று அவரே கண்டுபிடிக்க உதவுவது. ஆசையைக் குறைக்கிற மாத்திரையும் டாக்டர் கொடுப்பார். மூன்றாம் படி, தொடர் கவனிப்பு. மாசம் ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பது. இது வருஷக் கணக்கில் நடக்க வேண்டும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட டாக்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். எந்தக் கிழமை என்று உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். 2025-இல் தமிழக அரசு, அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுமே இலவசம். "மனநலப் பிரிவா? பைத்தியம்னு சொல்லிடுவாங்களே"ன்னு தயங்க வேண்டாம். கண்ணுக்குக் கண் டாக்டர், இதற்கு இந்த டாக்டர்.

குடியை விட்டவருக்குக் கூட்டாளி குடியை விட்டவர்

நமக்குக் குழு இருப்பது போல அவர்களுக்கும் குழு உண்டு. ஏ.ஏ. என்று சொல்வார்கள். 1935-இல் அமெரிக்காவில் குடியை விடப் போராடிய இரண்டு பேர் சந்தித்துப் பேசியதில் பிறந்தது. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது. சந்தா கிடையாது, பேர் கேட்க மாட்டார்கள். "இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இருப்போம்" என்பதுதான் அவர்கள் வழி. ஆயுசுக்கும் சத்தியம் என்றால் மலைப்பாக இருக்கும், இன்றைக்கு ஒரு நாள் என்றால் முடியும். நாமும் முதல் நாளே லட்ச ரூபாயா சேமித்தோம்? வாரம் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்றுதானே தொடங்கினோம்!

குடிப்பவரின் குடும்பத்தாருக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. 1951-இல் தொடங்கியது. நம் சகோதரி அங்கே இரண்டு தடவை போய் வந்து சொன்னது: "அவரு குடிச்சதுக்கு நான் காரணம் இல்லைன்னு என் காதால கேக்க எனக்குப் பதினாலு வருஷம் ஆச்சுக்கா." அன்று நாங்கள் அவங்க வாசலில் நின்று கேட்ட கேள்வி எங்கள் நெஞ்சைக் குத்தியது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். அவர் திருந்தும் வரை அடி வாங்கிக்கொண்டு பொறுத்திரு என்று எந்தச் சகோதரிக்கும் சொல்லாதீர்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181. முதலில் அவளும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க வேண்டும்.

மறுபடி குடித்தால்?

எங்கள் கதையில் அதுவும் நடந்தது. ஆறாவது மாசம், பொங்கலுக்கு மறுநாள். மச்சான் முறைக்காரர்கள் கூப்பிட்டார்கள், போனார், குடித்தார். "அவ்வளவுதான், நாய் வாலை நிமிர்த்த முடியுமா"ன்னு ஊர் சிரித்தது. சகோதரி எங்களிடம் ஓடி வந்தார். இந்தத் தடவை நாங்கள் வாசலில் நின்று கத்தவில்லை. ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார்: மறுபடி வழுக்குவது இந்த நோயில் சகஜம், விழுந்தவரை அன்றைக்கே தூக்கினால் பழைய குழிக்குப் போக மாட்டார் என்று. மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். எங்கள் குழுவில் ஒருத்தியின் கணவர், தானும் குடியை விட்டவர், கூடவே போனார். இப்போது மறுபடி நிறுத்தி எட்டு மாசம். இனிமேல் குடிக்கவே மாட்டாரா? அந்த உறுதியை அவரே தருவதில்லை. "இன்னைக்கு குடிக்கலை"ன்னு மட்டும் சொல்கிறார். எங்களுக்கு அது போதும்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் மெத்தனால் இருந்தது. குடிநோய் முற்றியவருக்குக் கையில் எது கிடைத்தாலும் குடிக்கத் தோன்றும். ஆகவே வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சாராயம் குடித்தபின் கண் மங்கல், வயிற்று வலி, மூச்சுத் திணறல் என்றால் போலீசுக்குப் பயந்து மறைக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

எங்கள் குழுவில் போட்ட தீர்மானங்களை வாசிக்கிறோம். பிடித்திருந்தால் நீங்களும் போடுங்கள்.

1. தவணை தவறினால் அபராதம் போடும் முன், இரண்டு பேர் தனியாகப் போய் என்ன கஷ்டம் என்று கேட்பது. கூட்டமாகப் போய் வாசலில் நிற்பதில்லை.

2. குடிநோய் வைத்தியத்துக்கும் மருத்துவ அவசரக் கடன் கொடுப்பது. பஸ் செலவு, கூட இருப்பவர் சாப்பாடு, அந்த நாட்களில் போகும் கூலி எல்லாம் செலவுதான்.

3. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும் ஆடு மாடு பார்ப்பதும் குழுவின் பொறுப்பு.

4. திரும்பி வந்தவரை "என்ன, நிறுத்திட்டியாமே?"ன்னு கிண்டல் பண்ணாமல், வேலைக்குக் கூப்பிடுவது. எங்கள் வீட்டு விசேஷங்களில் அவரைக் குடிக்கக் கூப்பிட மாட்டோம் என்று எங்கள் வீட்டு ஆண்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

5. குடிப்பழக்கம் உள்ள பெண்களும் நம்மிடையே உண்டு. வாயில் புகையிலை அடக்கும் பழக்கமும் உண்டு. அவர்களை ஒதுக்காமல் அதே உதவியைச் செய்வது.

6. கூட்டத்தில் கேட்டதை வெளியில் பேசுவதில்லை. பேசினால் அதற்குத்தான் இப்போது எங்கள் குழுவில் அபராதம்!

சகோதரிகளே, கடையை மூடச் சொல்லிப் போராடுவது ஒரு வேலை. அதை விட வேண்டாம். ஆனால் கடை மூடினாலும் மூடாவிட்டாலும், நோயோடு வீட்டில் படுத்திருப்பவருக்கு இன்றைக்கே வைத்தியம் வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடிய முழித்திருப்பவளுக்கு ஒரு துணை வேண்டும்.

போன மாசம் அந்தச் சகோதரி கூட்டத்துக்கு வந்து, பழைய கடனில் கடைசித் தவணையைக் கட்டினார். ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "அக்கா, மறுபடி ஒரு கன்னுக்குட்டிக்குக் கடன் கேட்டா கொடுப்பீங்களா?"ன்னு கேட்டார். எங்கள் ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து அவங்க பேரை எழுதினார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

உங்கள் குழுவிலும் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருத்தி இருப்பாள். ஊருக்குப் போனதும் முதலில் அவளைப் போய்ப் பாருங்கள்.